எல்லைக்கல்லுக்கு இருநூறு தப்படி

வண்டியின் பின்பக்க இடது சக்கரம் உடைந்தபோது இர்மா கத்தவில்லை. குதிரைகளை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினாள், அவ்வளவுதான். முன்னால் கடிவாளம் பிடித்துவந்த கொழுந்தன் ஏகார்ட் அந்தக் கையைப் பார்த்த மாத்திரத்தில் நான்கு குதிரைகளையும் நிறுத்திவிட்டான். அவன் அதிகம் பேசாதவன். ஆனால் சொன்னதை உடனே செய்கிறவன், இந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்.

இர்மா சேற்றில் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் பார்த்தாள். பன்னிரண்டு ஆரக்கால்களில் ஐந்து போய்விட்டன. ஆரக்கால்களைச் சுற்றிய மரவளையமான வட்டை பிளந்து, சக்கரம் மதுக்கடையிலிருந்து வெளியே வந்தவன்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஆனால் நின்றது. அச்சுக்கும் தரைக்கும் நடுவே இன்னும் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

அந்த ஒரு சாண்தான் இப்போது அவளுடைய சொத்து.

மலைக்கோட்டைப் பிரபுவின் நிலத்தில் பாட்டன் காலத்திலிருந்து ஒரு சட்டம். சாலையில் போகிற வண்டிக்குச் சக்கரமும் குளம்பும் மட்டும் மண்ணில் படலாம். வேறு எது தரையைத் தொட்டாலும் நிலத்துக்காரருக்குச் சொந்தம். ஒரு மூட்டை உப்பு விழுந்தால் அந்த மூட்டை அவருக்கு. அச்சு விழுந்தால் வண்டி, குதிரை, சரக்கு எல்லாமே அவருக்கு. வேறு வழியாகப் போகலாமே என்றால், ஆற்றுத்துறையிலிருந்து வருகிற வண்டிகள் எல்லாம் இந்தச் சாலையில்தான் வரவேண்டும் என்று இன்னொரு சட்டம். இப்படி இரண்டு சட்டம் கையில் இருக்கிற மனிதர் சாலையை எதற்காகச் செப்பனிடப் போகிறார்? குழிகளைத்தான் பார்த்துப் பார்த்து வளர்த்துவந்தார். அந்தத் திருப்பணியைக் கவனித்துக்கொண்டது அவருடைய காரியக்காரர் ரூட்கர். எர்லன்ஃபுர்ட் நகரத்தில் அந்த ஆளுக்கு வைத்திருக்கும் பெயர் குழிவெட்டி.

இன்றைக்கு உடைத்த குழி புதுக்குழி. மேலே புல்லைப் போட்டு மூடியிருந்தார்கள். மூன்று நாள் பயணத்தில் இது ஆறாவது. இரண்டாவது குழியிலேயே உபரிச் சக்கரத்தை எடுத்து மாட்டியாகிவிட்டது. இந்தப் பாரம் தாங்குகிற அளவுச் சக்கரம் ஊரிலும் வேறு கிடையாது.

"அண்ணி, இன்னும் எவ்வளவு தூரம்?" என்றான் ஏகார்ட்.

இர்மா நிமிர்ந்து பார்த்தாள். சாலை நேராகச் சரிவில் இறங்கியது. அடியில் எல்லைக்கல் வெள்ளையாக நின்றது. அதைத் தாண்டினால் ஊரின் மண். அப்பால் பாதி எழும்பிய மதிலும், அதன்மேல் சாரமும், சந்தைக்குப் பின்னால் நிக்கோலஸ் தேவாலயத்தின் கூரையும் தெரிந்தன.

"இருநூறு தப்படி," என்றாள். "எண்ணிப் பார்த்தா அதுக்கும் குறைவாத்தான் இருக்கும்."

வண்டியில் இருந்தது ஒரே ஒரு பொருள். கரிய எரிமலைக் கல்லில் கொத்திய ஆலைக்கல், ஒரு ஆள் கையை விரித்துப் படுக்கும் அகலம். ஊருக்குச் சொந்தமாக ஒரு மாவு ஆலை கட்டிக்கொள்ளலாம் என்று அரசரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சாசனம் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஓடையில் ஆலைவீடும் நீர்ச்சக்கரமும் தயார். கல் மட்டும் இல்லை. அதுவரைக்கும் ஊரே பிரபுவின் ஆலைக்குக் கோதுமையைத் தூக்கிக்கொண்டு போகிறது. எட்டு மரக்கால் கொண்டுபோனால் ஒன்று பிரபுவுக்கு, அரை மரக்கால் ஆலைக்காரன் கையோடு ஒட்டிக்கொள்வது. ஆலைக்குக் கல் இரண்டு வேண்டும், அடியில் ஒன்று, மேலே சுற்றுவது ஒன்று. இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றினால் குதிரை செத்துப்போகும். ஆகவே இரண்டு நடை, இது முதலாவது.

வண்டிக்காரர் சங்கத்தில் இந்தப் பாரத்தை யார் கொண்டுவருவது என்று கேட்டபோது இருபத்திரண்டு ஆண்பிள்ளைகளும் தரையைப் பார்த்தார்கள். இர்மா கதவோரம் நின்றிருந்தாள். கணவன் மார்க்வர்ட் குளிர்காய்ச்சலில் போய்ச் சேர்ந்து பத்து மாதம். சங்கத்தின் வழக்கப்படி விதவை ஒரு வருஷம் கணவனின் இடத்தில் வண்டி ஓட்டலாம். அதற்குள் ஒரு வண்டிக்காரனைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை விற்றுவிட வேண்டும். சங்கத் தலைவர் பெர்த்தோல்ட் அந்த வண்டிமேல் கண் வைத்திருந்தது ஊருக்கே தெரியும்.

"நான் கொண்டு வர்றேன்," என்றாள் இர்மா அன்றைக்கு. "ரெண்டு கல்லும் ஊருக்குள்ள வந்து சேர்ந்தா எங்க வீட்டுக்காரர் இடம் எனக்கே. வருஷக் கணக்கெல்லாம் கிடையாது. சம்மதமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சம்மதம் சொன்னார்கள். சிரிக்கிறவர்களிடம் வாக்கு வாங்குவது சுலபம் என்று இர்மாவுக்குத் தெரியும்.

*

ரூட்கர் வர அதிக நேரம் ஆகவில்லை. கழுகுக்கு மூக்கில் வேர்த்ததுபோல் மரங்களுக்குள்ளிருந்து குதிரையில் வந்து சேர்ந்தார். பின்னால் எட்டு ஆட்கள் நடந்து வந்தார்கள். ரூட்கர் இறங்கி, குனிந்து, அச்சுக்கு அடியில் கையை நுழைத்துச் சாண் போட்டுப் பார்த்தார்.

"அட, நம்ம கோழிக்கொட்டகை இர்மாவா," என்றார். "கோழி மேய்ச்ச பொண்ணு இப்போ கல்லு மேய்க்க வந்துட்டியா?"

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இர்மா அதே பிரபுவின் கிராமத்தில் அடிமைக் குடியாக இருந்தவள். கோட்டைக் கோழிகளுக்குத் தீனி போடுவது அவள் வேலை. மார்க்வர்ட்டோடு ஒரு அடைமழை நாளில் எர்லன்ஃபுர்ட்டுக்கு ஓடிவந்தாள். நகரத்துக்குள் ஒரு வருஷமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் ஓடிவந்தவர் சுதந்திர மனிதர், அதற்குப் பிறகு பிரபுவே நேரில் வந்தாலும் தொட முடியாது. இர்மா அந்த ஒரு வருஷத்தையும் ஒரு நாளையும் தாண்டிப் பத்து வருஷம் ஆகிவிட்டது.

"ஆமாங்க ரூட்கரய்யா," என்றாள். "கோழிய விட இது சமர்த்து. கொத்தாது, ஓடாது."

"ஓடாதுதான். இனிமே எங்கயும் ஓடாது." ரூட்கர் சாலையோரப் புல்லில் துணியை விரித்து உட்கார்ந்தார். ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் எடுத்தார். "அவசரமே இல்ல. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன். சாலையில போற வண்டிக்கு அரசர் காவல் உண்டு, அதனால நான் உன் வண்டியத் தொட மாட்டேன், பயப்படாத. அதுவா விழுற வரைக்கும் விரல் கூட வைக்க மாட்டேன்."

"கீழ ஒரு கல்லு முட்டுக் கொடுக்கறேன்."

"கல்லு யாருது? என் பிரபு மண்ணுல கிடக்கற கல்லு. மண்ணத் தொட்டாலும் ஒண்ணுதான், மண்ணுல கிடக்கறதத் தொட்டாலும் ஒண்ணுதான். மரத்த வெட்டி வெச்சாலும் அதே கதைதான். நானும் முப்பது வருஷமா இதே வேலையாத்தான் இருக்கேன், கண்ணு."

சக்கரம் ஒரு முறை கிறீச்சிட்டது. ஆறாவது ஆரக்காலில் நீளமாக ஒரு வெடிப்பு ஓடியது. வண்டியோடு எல்லாமே போய்விடும், குதிரைகள், மார்க்வர்ட்டின் சங்க இடம், ஊரின் ஆலை, எல்லாமே. மீண்டும் கோதுமையைத் தலையில் சுமந்துகொண்டு இந்த மனிதனின் ஆலை வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். செத்தாலும் அது நடக்காது என்று இர்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மதில் சாரத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் இதற்குள் பார்த்துவிட்டார்கள். வாசலிலிருந்து ஆட்கள் ஓடிவர ஆரம்பித்தார்கள். கொத்தர்கள், நெசவாளர்கள், கசாப்புக்காரர், மதுக்கடை ஹெட்விக், இடுப்புத் துணியில் மாவோடு ரொட்டி சுடும் ஆக்னஸ் என்று முப்பது நாற்பது பேர். எல்லாருக்கும் முன்னால் உல்ரிக் ஓடிவந்தான். வண்டிச் சக்கரம் செய்கிறவன், இந்த உடைந்த சக்கரத்தையும் செய்தவன் அவன்தான். கையில் சுத்தியலும் உளியும் இருந்தன.

இர்மாவின் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. அடுத்த கணம் அவள் ரூட்கரின் ஆட்களைப் பார்த்தாள். எட்டு பேர். வண்டியைத் தொடக்கூடாத இடத்தில் எட்டு பேர் எதற்கு? ஒவ்வொருவன் இடுப்பிலும் ஒரு சுருள் கயிறு இருந்தது.

ஊர் பார்க்கிற தூரத்தில் ஏன் புதுக்குழி வெட்டினார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஓடிவருகிறவர்களில் பாதிப் பேர் போன வருஷமும் இந்த வருஷமும் கிராமங்களிலிருந்து தப்பிவந்தவர்கள். ஒரு வருஷம் ஒரு நாள் முடியாதவர்கள். எல்லைக்கல்லைத் தாண்டிக் காலை வைத்தால் பிடித்துக் கட்டிக்கொண்டு போகலாம், கேட்க நாதி இல்லை. ஆலைக்கல் ஒரு தூண்டில் புழு. ரூட்கர் ஆலையை மட்டும் பிடிக்க வரவில்லை, ஆட்களையும் பிடிக்க வந்திருக்கிறார்.

"நில்லுங்க!" என்று இர்மா அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "எல்லைக்கல்லத் தாண்டாதீங்க! கயிறு வெச்சிருக்கான்! உல்ரிக், நில்லுடா!"

உல்ரிக்கின் ஒரு கால் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. கசாப்புக்காரர் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

ரூட்கர் ரொட்டியை மென்றுகொண்டே எழுந்தார். "உல்ரிக்கு, வாப்பா வா. நீ செஞ்ச சக்கரம்தான் போயிடுச்சு பாரு. உங்கம்மாவ நேத்துப் பார்த்தேன். ரொம்ப இளைச்சுட்டாங்க. பையன் வருவானான்னு கேட்டாங்க."

உல்ரிக்கின் முகம் வெளுத்தது. "அக்கா, அது என் சக்கரம்," என்று கூவினான். "நான் வந்து அடிச்சுத் தர்றேன். ரெண்டு ஆப்பு வெச்சா நிக்கும்."

"உனக்கு எத்தனை நாள் பாக்கி?"

"இருபது நாள்."

"இருபது நாளும் அங்கயே நில்லு. சக்கரம் உடைஞ்சா வேற சக்கரம். நீ போனா உன் பொண்டாட்டி கைக்குழந்தையோட எங்க போவா? வாய மூடிட்டு நில்லு."

உதவி கண்ணுக்கெதிரே நிற்கிறது, அதை வேண்டாம் என்று தள்ளியாகிவிட்டது. இர்மா சக்கரத்தைப் பார்த்தாள், சரிவைப் பார்த்தாள். முட்டுக் கொடுக்கக் கூடாது. மண்ணில் கிடக்கிற எதுவும் கூடாது. சரி, மண்ணில் நிற்கிற மனிதர்கள்? மனிதக் கால் மண்ணில் படுவதற்கு இதுவரை எந்தப் பிரபுவும் சட்டம் போடவில்லை. ஆனால் வெறுங்கையால் இந்தக் கல்லைத் தூக்க முடியாது. ஒரு மூலையில் மட்டும் நான்கு கோதுமை மூட்டையின் பாரம் இருக்கும்.

அவள் பார்வை நிக்கோலஸ் தேவாலயத்தின் கூரையில் போய் நின்றது.

"ஹெட்விக்!" என்று கூப்பிட்டாள். "கோயில்ல நிக்கோலஸ் சாமியத் தூக்குற கழி ரெண்டு இருக்குல்ல? அதக் கொண்டு வரச் சொல்லு. கயிறும் கொண்டு வாங்க. சீக்கிரம்!"

வியாபாரிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் காவல் அந்தப் புனிதர்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் அவருடைய சிலையைப் பன்னிரண்டு பேர் தோளில் சுமந்து சந்தையைச் சுற்றி வருவார்கள். இருபதடி நீள ஆஷ் மரக் கழிகள் இரண்டு, தோளில் பட்டுப் பட்டு வழவழவென்று ஆனவை. சிலை கருங்கல். அதைக் குலுங்காமல் சுமக்க எல்லாரும் ஒரே காலை ஒரே நேரத்தில் எடுத்துவைக்க வேண்டும், அதற்கென்று ஒரு நடை உண்டு. எர்லன்ஃபுர்ட்டில் எட்டு வயதுக் குழந்தைக்குக்கூட அந்த நடை தெரியும்.

கழிகள் வருவதற்குள் ஆறாவது ஆரக்கால் போய்விட்டது. ஒரு சாண் அரைச் சாணானது. ரூட்கர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்.

"இப்போ கேட்டுக்கங்க," என்றாள் இர்மா. "ஒரு வருஷம் ஒரு நாள் முடிஞ்சவங்க மட்டும் வாங்க. கல்லத் தாண்டறப்போ எப்போ ஊருக்கு வந்தீங்கன்னு சத்தமா சொல்லிட்டு வாங்க. இந்த ஐயா காதுல விழணும்."

முதலில் ஹெட்விக் வந்தாள். "நான் வந்து அஞ்சு வருஷம். முடிஞ்சா கயித்தப் போட்டுப் பாருங்க, ரூட்கரய்யா, உங்க மீசையில தொங்குவேன்." கசாப்புக்காரர் வந்தார், ஏழு வருஷம். கொத்தர்கள் இரண்டு பேர் வந்தார்கள், அவர்கள் பிறந்ததே வேறு நகரம். ஒரு நெசவாளி, "போன மாசம் பத்தாந்தேதியோட ஒரு வருஷம் ஒரு நாள்" என்று சொல்லும்போதே குரல் நடுங்கியது, ஆனாலும் வந்தான். ரூட்கரின் ஆள் ஒருவன் கயிற்றை எடுத்தான். பாதிரியார் எல்லைக்கல்லருகே நின்று, "அவன் வந்த அன்னைக்கு ஊர்ப் பதிவேட்டுல நான்தான் பேரை எழுதினேன்" என்றார். கயிறு இடுப்புக்குத் திரும்பியது. ஆக்னஸ், அவள் புருஷன், தோல் பதனிடும் இரண்டு சகோதரர்கள், மணியடிக்கும் கிழவர். பத்து பேர் ஆனார்கள். வலுவான ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போயிருந்தார்கள்.

கழிகளை வண்டிக்கு அடியில் குறுக்காக நுழைத்தார்கள், அச்சுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வலது நுனிகளை வண்டிச் சட்டத்தோடு கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். இடது பக்கம் நீளமாக நீட்டிக்கொண்டிருந்த கழிகளுக்கு அடியில் கழிக்கு ஆறு பேராகத் தோள் கொடுக்க வேண்டும். ஏகார்ட் குதிரைகளை விட்டு வர முடியாது. இர்மாவோடு சேர்த்துப் பதினோரு பேர்.

பன்னிரண்டாவது ஆள் எல்லைக்கல்லருகே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். சங்கத் தலைவர் பெர்த்தோல்ட். காளைமாட்டுத் தோள், அந்த ஊரிலேயே உயரமான ஆள். ஒன்பது வருஷமாக நிக்கோலஸ் சிலையில் முன்கழியின் முதல் இடம் அவருக்குத்தான், அதை வேறு யாரும் தொட்டது கிடையாது.

"தலைவரே, வாங்க," என்றார் கசாப்புக்காரர்.

"வர்றதுக்கென்ன," என்றார் பெர்த்தோல்ட். "இர்மா, நான் யோசிச்சுப் பார்த்தேன். இது பொம்பளை ஓட்டுற ரோடு இல்ல. நீயே பார்த்துட்ட. இப்போ தோள் கொடுத்துக் காப்பாத்தறேன். வண்டிய எனக்கு வித்துடு. நியாயமான விலை தர்றேன். பத்து பேர் சாட்சியா இங்கயே சொல்லு, ஓடி வர்றேன்."

பின்னால் ரூட்கர் சிரித்த சிரிப்பு கேட்டது.

இர்மாவுக்குக் கோபம் வந்தது. ரூட்கர் மேல் வந்ததைவிட அதிகமாக வந்தது. குழி வெட்டுவது அந்த ஆள் பிழைப்பு. இவர் நம்ம ஊர்.

"தலைவரே, வண்டிய விக்க மாட்டேன்," என்றாள். "இது விழுந்தா எனக்கு மட்டும் போகாது. உங்க பேரன் பேத்தியும் இந்த ஆளு ஆலையில வரிசையில நிப்பாங்க. நிக்கட்டும்னா நீங்க அங்கயே கைகட்டி நில்லுங்க. நாங்க பதினோரு பேர் தூக்குறோம்."

"பதினோரு பேரால முடியாது."

"அத நாங்க பார்த்துக்கறோம். ஆக்னஸ், முன்கழியில முதல் இடத்துக்கு நீ வா."

ஆக்னஸ் கொஞ்சம் குள்ளம். அவள் அந்த இடத்தில் நின்றபோது கழிக்கும் அவள் தோளுக்கும் நடுவே ஒரு ரொட்டி நுழையும் இடைவெளி இருந்தது. தலையிலிருந்த துணியைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, "சாமிக்கு நான் போதாதா?" என்றாள். ஒன்றிரண்டு பேர் அந்த நிலைமையிலும் சிரித்தார்கள்.

"இடது கால் முதல்ல," என்றாள் இர்மா. "தூக்கு!"

கழிகள் வளைந்தன. வண்டி எழுந்தது. அரைச் சாண் ஒரு சாணானது, அதற்கு மேலும் போனது. "ஏகார்ட், நட!" குதிரைகள் முன்னால் அடி வைத்தன. ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடியில் உடைந்த சக்கரம் மொத்தமாகச் சிதறித் துண்டு துண்டாகச் சேற்றில் விழுந்தது.

இனி அச்சுக்கும் மண்ணுக்கும் நடுவே தோள்களைத் தவிர எதுவும் இல்லை.

பத்துத் தப்படி. இருபது. இர்மாவின் கண்ணுக்கு முன்னால் நெசவாளியின் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. அவள் தோளெலும்பு கழிக்கு அடியில் கறகறவென்றது. "இடது, வலது, நிக்கோலஸ். இடது, வலது, நிக்கோலஸ்," என்று மணியடிக்கும் கிழவர் டிசம்பரில் சொல்வதுபோலவே சொன்னார். நாற்பது. ரூட்கர் குதிரையில் ஏறிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே வந்தார், பார்வை அச்சை விட்டு நகரவில்லை. ஐம்பதாவது தப்படியில் முன்கழி சாய ஆரம்பித்தது. ஆக்னஸ் கால்விரலில் நின்று சுமந்தாள். அச்சு இறங்கியது. நாலு விரல். மூணு விரல்.

"விழுது," என்றார் ரூட்கர் மெதுவாக.

"தள்ளி நில்லு," என்றது இன்னொரு குரல். இர்மாவுக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியவில்லை. முன்கழி ஒரு உலுக்கலோடு மேலே போனதுதான் தெரிந்தது. "ஒம்போது வருஷமா என் இடம். மாவு பிசையற பொம்பளை நின்னு அதத் தரையில போடுறத நான் பார்த்துட்டு நிக்கணுமா? நீ பின்னால போம்மா. டேய், யாருடா அது கால் மாத்தி வைக்கறது? இடது!"

பெர்த்தோல்ட் வந்துவிட்டார். வண்டிக்காகவும் இல்லை, இர்மாவுக்காகவும் இல்லை. தன் கழி தன் கண்ணெதிரே சாய்வதை அந்த மனிதரால் தாங்க முடியவில்லை. இர்மாவுக்கு அது போதும்.

நூறு. நூற்றிருபது. யாருக்கும் பேச மூச்சு இல்லை, கிழவர்கூட நிறுத்திவிட்டார். காலடிச் சத்தமும் குதிரை மூச்சும் மட்டும் கேட்டன. நூற்றைம்பதில் நெசவாளி வழுக்கினான். ஹெட்விக் அவனை முட்டியால் இடித்து நிமிர்த்தினாள். முன்குதிரைகள் எல்லைக்கல்லைத் தாண்டின.

அங்கே காத்திருந்தவர்கள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம், ஊர் மண்ணில், வெளியே வரமுடியாத இருபது பேரும் உல்ரிக்கின் பின்னால் வரிசையாக நின்றார்கள். ஏகார்ட் வண்டியின் முன்சட்டத்திலிருந்து நீளமாக ஒரு கயிற்றைக் கட்டி அவர்கள் கையில் வீசினான். உல்ரிக் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு குதிகாலை மண்ணில் ஊன்றினான்.

"இழுங்க!" என்று கத்தினான். அவன் குரல் அழுகையில் பிசிறியது.

குதிரைகளும் இருபது பேரும் சேர்ந்து இழுத்தார்கள். முன்சக்கரங்கள் கல்லைத் தாண்டின. பின்னால் தோள் கொடுத்தவர்கள் நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினார்கள். எல்லைக்கல் இர்மாவின் இடுப்பை உரசிக்கொண்டு போனது. "இன்னும்!" என்றாள். "இன்னும்! இன்னும்!"

பின்கழி படாரென்று முறிந்தது.

வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்தது. அச்சு சேற்றில் ஒரு முழம் புதைந்தது. பன்னிரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கரிய கல் வைக்கோலுக்குள் ஒரு முறை அசைந்து அப்படியே நின்றது.

ரூட்கர் குதிரையிலிருந்து இறங்கி வந்தார். எல்லைக்கல்லுக்கு நேராகக் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். அச்சுக்கும் கல்லுக்கும் நடுவே இர்மாவின் கை விரித்துக் கிடந்தது. கட்டைவிரல் கல்லைத் தொட்டது, சுண்டுவிரல் அச்சைத் தொட்டது. ஒரு சாண். ஊர் மண்ணில் ஒரு சாண்.

அவர் நிமிர்ந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "ஆலைக்குக் கல்லு ரெண்டு வேணும்," என்றார்.

"தெரியும்," என்றாள் இர்மா, எழுந்திருக்காமலே. "அடுத்த வாரம் வியாழக்கிழமை இன்னொண்ணு வருது. நடுவுல இருக்கற குழியெல்லாம் எனக்கு இப்போ மனப்பாடம். புதுசா வெட்டறதுன்னா இன்னைக்கே ஆரம்பிங்க."

"வெட்டுவேன்."

"வெட்டுங்க. உங்க வேலை அது."

ரூட்கர் போன பிறகு யாரோ ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தார்கள். உல்ரிக் அவள் பக்கத்தில் வந்து நின்றான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று தெரிந்ததும் இர்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"புதன்கிழமைக்குள்ள எனக்கு மூணு சக்கரம் வேணும். இப்போ போட்டதவிடக் கனமா, ஓக் மரத்துல. ஒண்ணு இந்த வண்டிக்கு மாட்ட, ரெண்டு வியாழக்கிழமை எல்லைக்கல்லுகிட்ட தயாரா வெக்க. நீ கல்லுக்கு இந்தப் பக்கமே இருந்து செய்யற. புரியுதா?"

"புரியுது அக்கா."

"கழி ஒண்ணு ஒடிஞ்சு போச்சு. பாதிரியார்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

மாலை மணி அடித்தது. சுமந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஹெட்விக் எல்லாருக்கும் ஒரு குவளை மது தன் செலவில் என்று சொன்னாள், அவள் அப்படிச் சொல்வது அபூர்வம். பெர்த்தோல்ட் மட்டும் சாலையோரத்தில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டை கிழிந்து தோல் சிவந்து தடித்திருந்தது. இர்மா கடந்துபோனபோது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

இர்மா நின்றாள். வண்டி, சங்கம், விலை, அந்தப் பத்து மாதம் எல்லாம் அவள் வாய்வரை வந்தன. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள்.

"மத்தியான மணி அடிக்கறப்போ கல்லுகிட்ட நில்லுங்க, தலைவரே," என்றாள். "தோளுக்கு ஒரு துணி எடுத்துட்டு வாங்க."

பிறகு குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். காலையில் அவை திரும்பவும் ஆற்றுத்துறைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது, வண்டி இல்லாமல், இரண்டாவது கல்லை ஏற்றிவர அங்கே ஒரு கூலி வண்டியைத் தேடி.